ஜிப்லியும் கிபிரும்

மாசி 24, 2024 – சனி, வட்டக்கச்சி

வெட்டுமெசின் வந்து போய்விட்டது. றோட்டில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு மிச்சப் பாதியில் சனம் போய் வருகிறது. அம்மம்மாதான் காவல். மாடு வந்தாலும் மோட்டச்சைக்கிள் வந்தாலும் அவவுக்கு ஒரே தடிதான். மத்தியான வெயிலுக்கு அவவை உள்ளே கூட்டி வந்து இருத்தினபோது சின்னவன் என்ர மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தான். சித்தியின் மகன், மே மாதம் ஓ.எல். சோதனை. விஞ்ஞானப் புத்தகமும் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. அது சித்தி எட்டிப் பார்த்தால் காட்ட.

போட்டது ‘மை நெய்பர் டொடோரோ’. யப்பானின் ஹயாவோ மியாசாக்கி 1988இல் எடுத்த கார்ட்டூன் படம். கம்பஸ் விடுதியில் ஒரு சிநேகிதியின் ஹார்ட் டிஸ்கில் இருந்து எடுத்தது. நாலைந்து தரம் பார்த்திருப்பேன். அம்மம்மா பாக்கை இடித்தபடி ஒரு கண்ணால்தான் பார்த்தா. அந்தப் பெரிய கற்பூர மரமும் அதன் இடுப்பில் கட்டியிருந்த வைக்கோல் கயிறும் வந்ததும் உரலை வைத்துவிட்டா. தகப்பன் இரண்டு பெட்டையளையும் மரத்துக்கு முன்னால் நிறுத்திக் கும்பிட வைக்கிறார்.

“வைரவர் மரம்,” என்றா.

“அது யப்பான், அம்மம்மா.”

“எங்கயெண்டால் என்ன? கட்டியிருக்கு, கும்பிடுதுகள். சூலத்தைத்தான் காணேல்ல.”

இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ வாசித்துவிட்டேன். மரத்துக்குள் நித்திரை கொள்கிற டொடோரோ உண்மையிலேயே இருக்கிறதா, தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிற வீட்டில் பிள்ளைகள் கட்டிக்கொண்ட கற்பனையா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. குளக்கட்டில் ஐயனார் இருக்கிறார், பாலை மரத்தடியில் வைரவர் இருக்கிறார், உச்சி வெயிலில் அந்தப் பக்கம் சத்தம் போடக்கூடாது. மரத்துக்குள் ஒருவர் நித்திரை கொள்வதில் என்ன புதினம்?

பூனை பஸ் வந்தபோது மட்டும் சிரித்துவிட்டா. “இது புளுகு.”

பங்குனி 9 – சனி

ராத்திரி சிவராத்திரி. நாலு சாமமும் விழித்திருந்து இப்போது கண் இரண்டும் எரிகிறது.

மூன்றாம் சாமப் பூசைக்கு முதல் வெளியே வந்தால், வேலிக்கு அங்கால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சின்னவன். உள்ளே வரமாட்டான். சித்தி போர் முடிந்து செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கினவ. பிறகு அவன் எங்கட கோயில் வாசல் தாண்டினதில்லை. பொங்கலும் தரக்கூடாது. முகம் செத்துப்போய் இருந்தது. என்னடா என்றால், “தொரியாமா செத்துப்போனாராம் அக்கா.”

‘டிராகன் பால்’ சித்திரக்கதை வரைந்த அகிரா தொரியாமா. மார்ச் 1ஆம் திகதியே இறந்துவிட்டார், நேற்றுத்தான் அறிவித்திருக்கிறார்கள். வயது 68. இவனுக்கு ஒரு சாவீடு மாதிரி. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து வேலியடியில் இருந்து கொஞ்ச நேரம் கதைத்தோம்.

அதன் கதாநாயகனுக்கு வைத்த கோகு என்ற பெயர் சீனத்துப் பழங்கதைக் குரங்கரசனின் பெயர்தான், யப்பான் வாயில் புரண்டு அப்படி ஆனது. தடி, வால், பறக்கிற மேகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. “அப்ப அனுமாரோ?” என்றான். அனுமார் இல்லை, ஆனால் உனக்கு அப்படித் தெரிந்தால் நான் ஏன் மறிக்க வேண்டும்? கோயிலுக்குள் வர முடியாத பெடியனுக்கு வாலுள்ள ஒருவர் வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறார். சித்திக்கு இது தெரிந்தால் கணினியையும் ஜெபத்துக்குக் கொண்டுபோய்விடுவா.

எனக்குப் பிடித்தது அதில் வருகிற யமன். எம்மா என்று பெயர். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பெரிய மேசைக்குப் பின்னால் இருந்து, செத்து வந்தவர்களின் கடதாசியில் முத்திரை குத்துகிற உத்தியோகத்தர். அபிவிருத்தி உத்தியோகத்தராக ஒவ்வொரு நாளும் வரிசைக்கு முன்னால் இருக்கிறவளுக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் சுட்டும் விட்டது. உள்ளே ஐயர் மார்க்கண்டேயர் கதையைத் தொடங்கியிருந்தார். யமனைச் சிவன் காலால் உதைக்கிற இடத்தில் நான் மேசையும் முத்திரையும் பறக்கிறதைத்தான் கண்டேன். சிவசிவா.

பங்குனி 12 – செவ்வாய்

நேற்றுக் காலையில் ஒஸ்கார். மியாசாக்கியின் ‘த போய் அண்ட் த ஹெரன்’ வென்றுவிட்டது. 83 வயது, மனிசன் போகவில்லை. 2003இல் ‘ஸ்பிரிட்டட் அவே’க்குக் கிடைத்தபோதும் போகவில்லை. ஈராக்கில் குண்டு போடுகிற நாட்டுக்குப் போக விருப்பமில்லாததால்தான் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அதை முதல் முதல் வாசித்த நாள் அவரை எங்கட ஆள் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படி எடுத்து வைத்ததுதான் என்ர வில்லங்கம்.

அவர் விமானப் பைத்தியம். வீட்டுக் கொம்பனியே போர்க்காலத்தில் ஸீரோ சண்டை விமானத்துக்கு வால் சுக்கான் செய்து கொடுத்தது. தன்ர ஸ்டூடியோவுக்கு ஜிப்லி என்று பெயர் வைத்தாரே, அதுவும் விமானம்தான். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர் வைத்திருந்த ஒரு வேவு விமானம், சகாராவில் வீசுகிற சுடுகாற்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். யப்பானியர் ஜிப்லி என்கிறார்கள். இத்தாலிக்காரர் வாயில் அது கிப்லி.

கிப்லி. நான் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், சொல்லியிருக்கக் கூடாது.

கிபிர் என்ற சொல் தெரியாத பிள்ளை வன்னியில் அந்த நாளில் இல்லை. இஸ்ரேலில் செய்த, குண்டு போடுகிற சண்டை விமானம், அவர்கள் மொழியில் சிங்கக்குட்டி என்று அர்த்தமாம். வேவுக்கு வருகிறதை வண்டு என்போம், நாள் முழுக்க ஒரே இரைச்சல். வண்டு வந்தால் பின்னால் என்ன வரும் என்று எங்களுக்குப் பாடம். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஸ்டூடியோவின் பெயர் இத்தாலிக்காரருடைய வண்டு என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது 22. அதற்குள் அவருடைய எட்டுப் படத்தைக் காதலித்து முடித்திருந்தேன்.

‘த விண்ட் ரைசஸ்’ 2013இல் வந்தது. ஸீரோவை வடிவமைத்த பொறியியலாளரின் கதை. தொடக்கமே ஒரு கனவு: சின்னப் பெடியன் கூரையில் நிற்கிற குருவி மாதிரி விமானத்தில் ஏறி ஊருக்கு மேலால் பறக்கிறான், பிறகு முகிலுக்குள்ளிருந்து கருப்பாக ஒன்று, குண்டுகளைத் தொங்கவிட்டபடி. வடிவாக இருந்தது. அந்த வடிவுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் படத்தில் விமானம் இரைகிற சத்தத்தை யந்திரத்தில் பதியவில்லை, மனிசர் வாயாலேயே எழுப்பியிருக்கிறார்கள். அதை அறியாமலே அந்தச் சத்தம் எனக்குப் பழகின சத்தமாக இருந்தது. நாங்கள் கிபிர் விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தர் கையை விரித்துக்கொண்டு வாயால் இரைந்து வர, மற்ற எல்லாரும் குப்புற விழ வேண்டும். அம்மா கண்டால் வேப்பங்கம்புதான். ‘அந்தச் சனியனைக் கூப்பிடாதேங்கோ’ என்று அடிப்பா.

பாதியில் நிறுத்தினது இன்னும் பாதியில்தான் நிற்கிறது. கொரியாவில் பலருக்கும் அந்தப் படத்தில் கோபம் வந்தது, ஸீரோவுக்குக் கீழே இருந்த சனம் அவர்கள். எனக்கோ ஸீரோவோடு ஒரு கணக்கும் இல்லை. இருந்தும் அவர்கள் பக்கம்தான் போய் இருந்தேன்.

படுத்த பிறகு ஒன்று ஞாபகம் வந்து எழும்பி எழுதுகிறேன். 1945இல் உற்சுனொமியா நகரம் எரிந்த இரவு, மியாசாக்கி நாலு வயதுப் பிள்ளை. அவருடைய குடும்பம் ட்ரக்கில் தப்பி ஓடுகிறது. பிள்ளையோடு வந்த ஒருவர் எங்களையும் ஏற்றுங்கோ என்று கேட்கிறார், ட்ரக் நிற்காமல் போகிறது. அந்தக் குரல் தன்னை விடவில்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

எங்கட ரக்டர் பெட்டியிலும் இடமில்லை என்று சொன்னோம். விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் எங்கேயோ. பெட்டிக்குள் ஒரு தையல் மெசின் இருந்தது.

பங்குனி 17 – ஞாயிறு

ரொறன்ரோவில் இருந்து மச்சாள் வீடியோ கோல். ‘கிரேவ் ஒப் த பயர்பிளைஸ்’ பார்த்து விடிய விடிய அழுதாளாம். “நீ பாத்தால் உனக்குத்தான்ரி கூட விளங்கும்.”

பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. கதை எனக்குத் தெரியும். கோபேயில் குண்டு, அண்ணன், நாலு வயதுத் தங்கச்சி, இனிப்பு ரின். எழுதின நொசாக்காவின் தங்கச்சி உண்மையிலேயே பசியில் செத்தவள். எடுத்த தகாஹதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா எரிந்தபோது இரவு உடுப்போடு வெறுங்காலில் ஓடின பிள்ளை. அவரே அதைப் போரெதிர்ப்புப் படம் என்று ஒத்துக்கொள்ளாதவர். எல்லாம் வாசித்திருக்கிறேன். வாசிக்க ஏலும், பார்க்க ஏலாது.

எனக்கு அலுப்புத் தருவது வேறு. எங்கே யார் போர்ப்படம் எடுத்தாலும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற வேலையை வன்னிச் சனத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பசிலும் அப்படித்தான். படம் முடிந்து லைற் போட்டதும் பத்துப்பேர் திரும்பி என்ர முகத்தைப் பார்ப்பார்கள். மார்க் போடுகிற மாதிரி.

அந்தப் படமும் டொடோரோவும் ஒரே நாளில், 1988 ஏப்ரல் 16இல், ஒரே சீட்டுக்கு இரட்டைக் காட்சியாக வெளிவந்தவை. அன்றைக்கு அந்தத் தியேட்டரில் இருந்திருந்தால் டொடோரோவோடு எழும்பி வந்திருப்பேன். இப்போது என்ன பார்க்கிறேன் என்று மச்சாள் கேட்டாள். “வொலிபோல் கதை” என்றேன். பேச்சு நின்றுவிட்டது.

பங்குனி 30 – சனி

நேற்றுப் பெரிய வெள்ளி. சித்தி காலை முழுக்கச் சபையில். பின்னேரம் கஞ்சி தர எங்கட வீட்டுக்கு வந்தவ, சின்னவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டா. ஓடினது ‘ஸ்பிரிட்டட் அவே’.

“இந்த நாளிலயோ அசுத்த ஆவியளைப் பாக்கிறாய்?”

நான் போய் நடுவில் நின்று, பத்து நிமிசம் இருந்து பாருங்கோ சித்தி, பிறகு ஏசுங்கோ என்றேன். இருந்தா, கதிரை நுனியில், பைபிளை மடியில் வைத்துக்கொண்டு.

ஆளில்லாத கடைத்தெரு. சாப்பாடு மட்டும் ஆவி பறக்கக் குவிந்து கிடக்கிறது. மகள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். தகப்பன், காசும் இருக்கு, கிறெடிற் காட்டும் இருக்கு என்று சொல்லி வாயில் அடைகிறான். தாயும் இருந்துவிட்டாள். மகள் திரும்பி வரும்போது கதிரையில் இரண்டு பன்றிகள்.

சித்தி பைபிளைத் தொட்டா. “மாற்கு அஞ்சாம் அதிகாரம்,” என்றா. லேகியோன் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து, ஏறக்குறைய 2000 பன்றி கடலில் விழுந்து செத்த இடம். யப்பான்காரருக்கும் தெரிந்திருக்கே என்ற மாதிரி ஒரு பார்வை. நான் வாய் திறக்கவில்லை. இந்தக் காட்சியைக் காசுக்கொழுப்புப் பிடித்த யப்பானைப் பற்றின நையாண்டி என்றுதான் நான் படித்து வைத்திருந்தேன், அதை இந்த நேரத்தில் சொல்லி என்ன.

பிறகு சித்தி குரல் இறங்கிச் சொன்னா, எனக்கா சின்னவனுக்கா என்று தெரியவில்லை. “ஆளில்லாத வீட்டில நாங்களும் எடுத்தனாங்கள்தானே. இரணைப்பாலையில. அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும். இவனுக்கு அப்ப ரெண்டு வயசு.”

அவன் படத்தை நிறுத்திவிட்டான்.

“நிப்பாட்டாத. அந்தப் பிள்ளை தாய் தேப்பனைக் கண்டுபிடிச்சிட்டுதோ?”

கண்டுபிடிக்கிறாள், ஆனால் இரண்டு மணித்தியாலம் போகும் என்றோம். சித்தி முழுக்க இருந்தா. நாற்றமெடுத்த ஆவி ஒன்று குளிக்க வந்து, அதன் விலாவில் இருந்து சைக்கிளும் குப்பையும் இழுத்தெடுக்க, உள்ளே ஆற்றுத் தெய்வம் இருந்தது தெரிகிற இடத்தில் “தோத்திரம்” என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மம்மா அதே நேரம் சுவரோரம் இருந்து “கனகராயன் ஆறும் உப்பிடித்தான் கிடக்கு” என்றா.

போகும்போது சித்தி சொன்னது: “படம் நல்லம். ஆனால் அவன் பாக்கக் கூடாது.”

சித்திரை 6 – சனி

சின்னவனோடு சண்டை. எழுத விருப்பமில்லை, ஆனால் எழுதாவிட்டால் நித்திரை வராது.

‘அட்டாக் ஒன் டைட்டன்’ தொடரை முழுக்க முடித்துவிட்டான். கடைசி அத்தியாயம் போன நவம்பரில்தான் வந்தது. முடிவு சொல்லப் போகிறேன், பார்க்காத ஆக்கள் இந்த நாளைத் தாண்டிப் போங்கோ. சுவருக்குள் ஒரு சனம். பிறகு தெரிய வருகிறது, கடலுக்கு அப்பால் அதே இனத்தவரைக் கையில் பட்டி கட்டி, வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் எரன் என்ற பெடியன் உலகத்து மனிசரில் நூற்றுக்கு எண்பது பேரை மிதித்துக் கொல்கிறான்.

“எரன் செய்தது சரி,” என்றான் சின்னவன்.

ஏன் என்றேன்.

“நாங்களும் உப்பிடித்தானே அக்கா.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. போரின் கடைசி மாதங்களில் பாதி நேரம் என்ர இடுப்பில் இருந்தவன். நாங்களும் ஒன்றும் சொன்னதில்லை; மே மாதம் கஞ்சி குடிப்போம், விளக்கு வைப்போம், அவ்வளவும்தான். நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் அந்தக் கதையை வரைந்த இசயாமா வந்து இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் அந்தக் கதையை வெளியிடத் தொடங்கினது 2009 செப்ரெம்பர். நாங்கள் அந்த செப்ரெம்பரில் முள்ளுக்கம்பிக்குள் தண்ணி பவுசருக்கு வரிசையில் நின்றோம். எனக்கு வயது 12.

மிதிபட்ட எண்பதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். “கதைதானே அக்கா,” என்றான். ஒரு நிமிசத்துக்கு முதல் நாங்களும் உப்பிடித்தானே என்றவன், இப்போது கதைதானே. கோபத்தில் மடிக்கணினியைப் பூட்டிவிட்டேன்.

பூட்டின பிறகுதான் யோசித்தேன். நானும் அதையே செய்கிறவள். மியாசாக்கி ஈராக்குக்காக ஒஸ்காரை விட்டபோது எங்கட ஆள், விமானத்தை வடிவாகக் கீறினபோது வெறும் படம் எடுக்கிறவர். அந்தக் கதையை வாசித்தவர்களில் பாதிப்பேர் அது பாசிசம் என்கிறார்கள், பாதிப்பேர் பாசிசத்துக்கு எதிரானது என்கிறார்கள். அவரவர் எந்த வேலிக்குள் நின்று பார்த்தார்களோ. இவன் எந்த வேலிக்குள்ளும் நிற்காமல் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதைவிட எங்கட வேலியை இவன் பிழையாக விளங்கிவிட்டானே என்ற எரிச்சலும். இரண்டில் எது கூட என்று தெரியவில்லை.

சித்திரை 8 – திங்கள்

கதைக்கவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு போகிறான். மடிக்கணினி மேசையில் பூட்டாமல்தான் கிடக்கிறது; தொடவில்லை.

சித்திரை 10 – புதன்

சமாதானம், ‘ஹைக்யூ’வால். மச்சாளிடம் சொன்ன வொலிபோல் கதை இதுதான். ஹினாட்டா என்ற கட்டைப் பெடியன், உயரம் 162.8 சென்ரிமீற்றர், நெற்றுக்கு மேலால் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே துள்ளுகிறவன். பள்ளிக்கூடத்தின் பெயர் கரசுனோ. ஒரு காலத்தில் வென்று பிறகு விழுந்துபோன அணி. பறக்காத காகங்கள் என்று ஊர் நக்கலடிக்கும்.

இதில் எனக்கு ஒரு நோவும் இல்லை. செற்றப் என்றால் என்ன என்று யாரும் எனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இந்த ஊரில் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு பெடியளைத் தேடினால் நெற்றடியில்தான் நிற்பார்கள். அப்பா கிளிநொச்சியில் பெயர்பெற்ற லிப்ரராம். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் இடையில் இருக்கிற நம்பிக்கையை அந்தக் கதை அத்தியாயம் அத்தியாயமாக விரிக்க, எனக்கு அப்பாவின் விரல் மொளியெல்லாம் ஞாபகம் வரும். மச்சாள் இதை விளையாட்டுக் கதை என்று தள்ளிவிட்டாள். அவளும் அந்த அப்பாவின் மருமகள்தான்.

இரண்டு அத்தியாயம் பார்த்தோம், ஒன்றும் கதைக்காமல். மூன்றாவது தொடங்க முதல் “வருசத்துக்கு மட்ச் இருக்கு, வருவீங்களோ?” என்றான்.

சித்திரை 14 – ஞாயிறு

வருசம் நேற்றிரவு பிறந்தது. இன்றைக்கு ஊர் விளையாட்டு: சைக்கிள் ஓட்டம், முட்டி உடைக்கிறது, கயிறு இழுக்கிறது, பின்னேரம் வொலிபோல் இறுதி. சித்தியும் வந்தா, கோயில் காணி இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டு. அம்மம்மாவுக்குக் கதிரை போட்டு முன்னால் இருத்தினோம்.

இரண்டாம் செற் நடக்கும்போது அந்தச் சத்தம். ஆர் ஏற்பாடு செய்தார்களோ, ட்ரோன் கமரா. கலியாண வீட்டுக்குக் கொண்டுவருகிற அதே சாமான். தலைக்கு மேல் வந்து நின்று இரைந்தது. பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கை காட்டினார்கள். நெற்றடியில் நின்ற சின்னவனும் அண்ணாந்து ஒரு கை காட்டிவிட்டுத்தான் பந்துக்கு ஓடினான்.

ஆரவாரம் கேட்டுத் திரும்பினேன். புள்ளி விழுந்துவிட்டது. எல்லாரும் அவனைத் தூக்குகிறார்கள்.

மட்ச் முடிந்து வியர்வையோடு ஓடி வந்தான். “கண்டனீங்களோ அக்கா, நான் பாய்ஞ்சதை?”

“ஓம்” என்றேன்.

இரவு பத்து மணிக்கு வட்சப்பில் வீடியோ வந்தது. மேலிருந்து எடுத்தது. சிவத்த மண், வெள்ளைக் கோடு, சுற்றிவரச் சனம், எல்லாம் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. செற்றர் தூக்கிக் கொடுக்க இவன் எழும்புகிறான். மேலிருந்து பார்க்க எழும்புகிறது தெரியாது, நிழல் மட்டும் உடம்பை விட்டு விலகிப் போகிறது. கன தூரம் விலகியது. அடித்த பிறகுதான் திரும்பி வந்து காலோடு ஒட்டினது.

மூன்று தரம் பார்த்தேன். நாலாம் தரம்தான் படத்தின் ஓரத்தைக் கவனித்தேன். சனமெல்லாம் கோட்டைச் சுற்றி நிற்க, மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி, ஒரு கிழவியையும் கதிரையோடு இழுத்துக்கொண்டு, புளியமரத்துக்குக் கீழே போகிறாள். அவர்களுக்கு முன்னாலேயே, மரத்தோடு ஒட்டியபடி, சித்தி.